ஆமை வீட்டுக்குள் நாம் புகுந்தால்?



"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பார்கள். ஆமை வீட்டுக்குள் நாம் புகுந்தால் என்ன ஆகும்? யோசித்தோமா?

மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலால் எங்க மண்டகப்பட்டு பலருக்குத் தெரியும். எங்க பக்கத்து ஏரி குளங்களில் வாழும் பாலாமையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. இது நன்னீர் ஆமை. ஓடு ஒரு அடி வரை வளரும். பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால், அடிப்பக்கத்து மடிப்புகள் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். நத்தை, தவளை, மீன், நீர்ச்செடி எல்லாம் தின்னும். செத்து மிதப்பதையும் விடாது. சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்! கரையில் குழி தோண்டி முட்டையிடும். குஞ்சு வர மாதக்கணக்கில் ஆகும்.

கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும். நாம் தூர் வாருவதும் அதே கோடையில்தான்! பொக்லைன் வாளி மண்ணோடு ஆமையையும் அள்ளி லாரியில் கொட்டும். தப்பியது குழம்புக்கு! "மூலத்துக்கு மருந்துடா" என்று சமாதானம் வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு பாலாமையும் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

தூர் வாரவே கூடாதுன்னு சொல்ல வரலை. ஏரித் தண்ணியில் விளைந்த நெல்லுதான் எங்க குடும்பத்திலேயே முதல் ஆளா என்னைப் படிக்க வெச்சுது. ஆனால் நாளைக்கு அந்த சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தானே? மண்ணைக் கொட்டும் முன் பார்க்க ஒரு ஆளை நிறுத்தலாம். ஒரு மூலையை வெட்டாமல் விடலாம். ஆமை கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லலாம்.

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்று டிரைவரிடம் சொல்ல, நம்ம டிப்ளமோ போதும்!