ஒரு துளி ரத்தம் சொல்லும் சேதி

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் பல பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். மூச்சை அடக்கி மூழ்கவேண்டும். அந்த மூச்சில் உள்ள பிராணவாயுவை உடல் முழுவதும் சுமந்து செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் சோகை. களைப்பு வரும், மேல்மூச்சு வாங்கும், தலை சுற்றும். "வயசாச்சு" என்று சொல்லிவிட்டு மறுநாளும் கடலில் இறங்குவார்கள்.

வயதின்மேல் பழி போடலாமா? ரத்தத்தைச் சோதிக்க வேண்டாமா?

சோதனை எளிது. கையில் ஊசி குத்திச் சிறிது ரத்தம் எடுப்பார்கள். உறையாதிருக்க மருந்திட்ட குழாயில் விடுவார்கள். ஒரு பகுதியில் ஹீமோகுளோபினை அளப்பார்கள். இன்னொரு பகுதியை மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்து, எந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பு அணுக்கள் அடியில் தங்கும். மொத்த ரத்தத்தில் அவை எத்தனை பங்கு என்பதே 'ஹெமட்டோகிரிட்'.

பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும், கர்ப்பிணிக்கு 11. ஹெமட்டோகிரிட் ஏறக்குறைய அதைப்போல் 3 மடங்கு இருக்கும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை!

ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே சோதனைதான் கரையைத் தேடி வரவேண்டும். பெண்களும் "என் ரத்தம் எத்தனை கிராம்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படகில் ஓட்டை இருக்கிறதா என்று பாராமல் கடலுக்குப் போவார் உண்டா? உடம்புக்கும் அதே நியாயந்தான்!