திருவிழா நின்றாலும் கலைஞர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்

2020 மார்ச் 25 அன்று கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது பங்குனி மாதம் பாதிகூட ஆகவில்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்து ஜமாக்களுக்கு அது பாரதக் காலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்துமாக நடந்து, துரியோதனன் படுகளத்திலும் தீமிதியிலும் முடியும் நாட்கள். தெற்கே மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடக நடிகர்களும் கரகாட்டக்காரர்களும் நையாண்டி மேளக்காரர்களும் சித்திரை, வைகாசிக்கு நாள் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லா நாளும் ஒரே அறிவிப்பில் போயின. அந்த ஆண்டு மீனாட்சி திருக்கல்யாணம் மே 4ஆம் தேதி பக்தர்கள் இல்லாமல் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை.

சாமிக்குச் செய்யவேண்டியதை எப்படியோ குறையில்லாமல் செய்து முடித்தோம். சாமிக்கு முன்னால் விடிய விடிய ஆடியவர்களுக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த நெருக்கடி வருவதற்கு முன் ஊரும் அரசும் கோயிலும் சபாவும் சேர்ந்து இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இவர்கள் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இழப்பின் ஆழம் புரியும். ஒரு கூத்து ஜமாவில் வேடம் கட்டுகிறவர்களும் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணைக்காரர்களுமாகப் பதினைந்து பேர் வரை இருப்பார்கள். பொங்கல் கழிந்து தொடங்கும் ஆட்டம் ஆடி மாதத்தோடு ஏறத்தாழ ஓய்ந்துவிடும். அந்த ஆறேழு மாத வருமானம்தான் ஆண்டு முழுவதற்கும். பருவம் தொடங்குமுன் ஆட்களைப் பிடித்துவைக்க ஜமாவை நடத்துகிறவர் முன்பணம் கொடுத்தாக வேண்டும். அதைப் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியே கொடுக்கிறார். திருவிழா நடந்தால் கடன் அடையும். நடக்காவிட்டால் வட்டி மட்டும் நடக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் ஜமா என்ற துணைகூடக் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பஃபூன் ஒவ்வொருவரும் தனித்தனி ஊரிலிருந்து வந்து அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். அவரவர் நாள் அவரவருடையது, அவரவர் நட்டமும் அப்படியே.

இரண்டாம் ஆண்டு நடந்தது இன்னும் கொடுமை. 2021 ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு. அதுவரை ஊரெங்கும் கூட்டம் கூடியது. பறையும் தவிலும் வேட்பாளர்களுக்கு முன்னால் முழங்கின. ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை. ஓராண்டுக் கடனைச் சித்திரையில் அடைத்துவிடலாம் என்றிருந்தவர்கள், கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டும் வேடம் கட்டிக்கொண்டும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுவோடு வந்தார்கள். நோய்ப் பரவலைத் தடுக்க அந்தத் தடை தேவைப்பட்டது என்பதை ஏற்கிறேன். ஊரின் உடல்நலத்துக்காக ஒரு பிரிவினர் தம் வருமானத்தைக் கொடுத்தார்கள் என்றால், அந்தச் சுமையில் பங்கெடுப்பது ஊரின் கடமை. நாம் போதுமான அளவு பங்கெடுக்கவில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கு அரசு ஆயிரம், இரண்டாயிரம் என நிவாரணம் தந்தது. டி.எம். கிருஷ்ணா போன்ற இசைக் கலைஞர்கள் நிதி திரட்டிப் பல கலைகளைச் சேர்ந்த குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். பழைய மாணவர்களும் ரசிகர்களும் அரிசி மூட்டை இறக்கிய ஊர்கள் உண்டு. கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்காத விழாக் குழுக்களும் இருந்தன. கேட்டு வாங்கியவையும் இருந்தன. இந்த நல்ல காரியங்களில் பலவும் ஒருவரின் பெருந்தன்மையையோ ஒரு நட்பையோ நம்பி நின்றவை. நகரத்தில் தொடர்பு உள்ள கலைஞரை உதவி தேடி வந்தது. தொடர்பு இல்லாதவர் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போனார்.

சென்னையின் மார்கழிக் கச்சேரிகள் 2020 டிசம்பரில் இணையத்துக்கு மாறின. சபாக்கள் கூட்டாகச் சேர்ந்து கட்டணம் வைத்து நடத்தின. வெளிநாட்டுத் தமிழர்களும் வீட்டிலிருந்தே கேட்டார்கள். பாராட்டத்தக்க முயற்சி. கூத்துக்கு அந்த வழி கிடையாது. கூத்துக்குப் பணம் கொடுப்பது தனித்தனிப் பார்வையாளர் இல்லை, தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கும் ஊர். எட்டு மணி நேர ஆட்டத்தைக் கைபேசித் திரைக்குள் அடக்கி யாரிடம் சீட்டு விற்பது? எந்தக் கலைக்கு எவர் படியளக்கிறாரோ அவர் வழியாகத்தான் அதற்கான பாதுகாப்பும் வர வேண்டும். அதனால்தான் அரசிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்த 2021 மே மாதத்தில், கலைக்குப் பணமா என்று கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது. உயிர் முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் பந்தல்காரர் பசித்தால் அது தொழிலாளியின் பசி, தவில்காரர் பசித்தால் அது கலைச்செலவு என்று பிரிப்பது சரியான கணக்கு ஆகாது. கைகழுவச் சொல்லவும் முகக்கவசம் போடச் சொல்லவும் தெருத்தெருவாக வில்லுப்பாட்டும் பறையும் எமன் வேடமும் தேவைப்பட்டபோது இவர்களைத்தான் அழைத்தோம். நெருக்கடியில் ஊருக்குப் பயன்பட்ட உழைப்பாளிகளின் வரிசையில் அவர்களுக்கும் இடம் உண்டு.

கலையை நெருக்கடியில் காப்பாற்றிய நாடுகளின் அனுபவம் நமக்குப் பயன்படும். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் பிரிட்டனில் அரங்குகள் மூடப்பட்டன. 1940இல் இசைக்கும் கலைகளுக்கும் ஊக்கமளிக்க ஒரு குழு அமைந்தது. பில்கிரிம் டிரஸ்ட் என்ற தனியார் அறக்கட்டளை 25,000 பவுண்டு கொடுத்துத் தொடங்கிவைக்க, அரசும் தன் பங்கைப் போட்டது. குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் தொழிற்சாலைகளுக்கும் சிற்றூர்களுக்கும் நாடகமும் இசையும் போயின. பொருளியலறிஞர் கெய்ன்ஸ் அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். போர் முடிந்ததும் அதைக் கலைத்துவிடாமல் 1946இல் கலைக் கழகமாக நிலைப்படுத்தினார்கள். 2020 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு கலை, பண்பாட்டு மீட்புக்கு 157 கோடி பவுண்டு அறிவித்தபோது, பணம் போய்ச்சேர வாய்க்கால் எண்பது ஆண்டுக்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது. அயர்லாந்து 2022இல் சுமார் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வீதம் மூன்றாண்டு அடிப்படை வருமானம் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. நெருக்கடி தீர்ந்த பிறகும் ஏற்பாட்டைக் கலைக்காமல் வைத்துக்கொண்ட புத்தி நமக்கும் வரலாம்.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் 1955இலிருந்து இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007இல் வந்தது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை தரும் திட்டமும் உண்டு. குறை எங்கே என்றால், பேரேட்டில் பெயர் இல்லாதவருக்கு இவற்றால் பயனில்லை. பாதி நாள் விவசாயக் கூலியாகவும் பாதி நாள் பறையடிப்பவராகவும் இருக்கிறவர், திருமணத்துக்குப் பின் ஊர் மாறிய கரகாட்டப் பெண், கலைஞர் என்று சான்று வாங்க யாரைப் பார்ப்பதென்று அறியாத முகவீணைக்காரர், வேடக்கட்டைகள் செய்யும் தச்சர், வாத்தியத்துக்குத் தோல் கட்டுகிறவர் இவர்களெல்லாம் எளிதில் விடுபட்டுவிடுகிறார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோருக்கும் பெருமை. அதைக் கடைந்தெடுக்கும் கைகளுக்கும் வாரியத்தின் நிழல் வேண்டும். வாரியத்தின் ஆட்கள் திருவிழாக் களத்துக்கே போய், கலைஞர் ஆடுவதைக் கண்ணால் பார்த்து அங்கேயே அட்டை கொடுக்கட்டும். தடை அறிவிக்கும் அரசாணையிலேயே இழப்பீட்டுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும்.

கோயில்களுக்கும் பங்கு உண்டு. பூசை நேரத்தில் சுவரோரம் தானாக அடித்துக்கொள்ளும் மின்சார மேளத்தைப் பல கோயில்களில் பார்க்கிறோம். வருமானம் உள்ள கோயில் ஒன்று அந்த இடத்தில் ஒரு நாகசுரக்காரரையும் ஒரு தவில்காரரையும் மாதச் சம்பளத்தில் அமர்த்தினால், எந்த ஊரடங்கு வந்தாலும் இரண்டு குடும்பங்கள் தப்பும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் மரபுக் கலைகளையும் ஏற்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள ஆலைகளைச் சுற்றியே எத்தனையோ கூத்துக் குடும்பங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய அந்தந்த ஊர்க் கூத்து வாத்தியாரை ஊதியத்தோடு அழைத்தால், ஆவணி முதல் மார்கழி வரை வேலையற்ற மாதங்களுக்கு ஒரு வருமானம் பிறக்கும்; பிள்ளைகளுக்கும் அடவு வரும்.

எல்லாவற்றிலும் பெரிய பங்கு ஊருக்குத்தான் என்பது என் முடிவு. தலைக்கட்டு வரியில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைத் தனியே எடுத்து, கலைஞர் வைப்பு என்று வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்டுவைக்கலாம். மழையோ நோயோ தேர்தல் விதியோ ஆட்டத்தை நிறுத்தினால், பேசிய தொகையில் பாதியாவது அதிலிருந்து கொடுத்துவிடலாம். முன்பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதிக்கொள்ளலாம். ஊரை விட்டுப் போய்ச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் திருவிழாவுக்கு அனுப்பும் நன்கொடையில் வாணவேடிக்கைக்கு இவ்வளவு, கூத்துக்கு இவ்வளவு என்று குறித்தே அனுப்பலாம். குலதெய்வத்துக்கு அனுப்பும் அதே பணந்தான். போய்ச்சேரும் வீடு மட்டும் கூடும்.

இதைப் படிக்கும் நீங்கள் அடுத்த திருவிழாவுக்கு ஊரில் கூட்டம் போடும்போது எழுந்து பேசுங்கள். வரவு செலவுக் கணக்கில் கலைஞர் வைப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆட வந்த ஜமாவில் வாரிய அட்டை இல்லாதவர் யார் என்று விசாரித்து, உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.