நம் ஆற்றின் கணக்கு நாமறியா மொழியிலா?



வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, தொண்டாமுத்தூர் வட்டாரத்து வாழைக்கும் பாக்குக்கும் சின்ன வெங்காயத்திற்கும் நீரூட்டி, பேரூரைத் தொட்டுக் கோவை, திருப்பூர் வழியே காவிரி சேர்வது நொய்யல். இத்தகைய ஆறுகளிலும் நிலத்தடியிலும் எடுக்கும் நீருக்குப் பெருநிறுவனங்கள் இப்பொழுது ஆண்டுதோறும் கணக்கெழுதுகின்றன. எழுதுவோர் நிறுவனத்தார், படிப்போர் பங்குரிமையாளர், மொழியோ ஆங்கிலம்! அந்நீரைப் பாய்ச்சும் உழவனுக்கு அதில் ஓரெழுத்தும் இல்லை.

செபி எனப்படும் பங்குச்சந்தை ஒழுங்காற்று வாரியம் 2021 மேத் திங்களில் ஒரு கட்டளையிட்டது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், 2022-23ஆம் கணக்காண்டு முதல் வணிகப் பொறுப்பும் பேண்தகைமையும் பற்றிய அறிக்கையை வெளியிட்டே ஆகவேண்டும். அங்குக் கேட்கப்படுவது பண வரவு செலவு அன்று. எத்துணை நீர் எடுத்தாய்? கழிவை என் செய்தாய்? தொழிலாளரை எங்ஙனம் நடத்துகின்றாய்? சுற்றியுள்ள மக்களின் முறையீட்டை எவ்வாறு கேட்கின்றாய்? நல்ல கேள்விகள்தாம், நாம் இகழவில்லை. விடை எவரிடம் சொல்லப்படுகின்றது என்பதே நம் வினா.

உள்ளே சென்று பாருங்கள். நிறுவனம் முழுமைக்கும் கூட்டிய நீரளவைச் சொல்வது கட்டாயம். நீர்த்தட்டுப்பாடுள்ள இடங்களில் எடுத்த அளவோ, விரும்பினாற் சொல்லலாம் என்னும் பகுதியில் கிடக்கின்றது! மேலும், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுள் மிகப் பல பங்குச்சந்தையில் இடம்பெறாதவை. ஆகலான் அக்கட்டளை அவற்றை நேரே தீண்டாது. பெருநிறுவனங்களுக்குச் சரக்கு தருவோரைப் பற்றியும் முதல் 250 நிறுவனங்கள் சொல்லவேண்டும் எனத் திட்டமிட்டனர். 2025 மார்ச்சில் அதனையும் ஓராண்டு தள்ளி, விருப்பத்திற்கு விட்டுவிட்டனர்.

நொய்யலின் கேட்டை இத்தகைய அறிக்கை எதுவும் வெளிக்கொணரவில்லை. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. கீழுள்ள வயல்கள் பாழாயின. உழவர்கள் வழக்காடினர். சென்னை உயர்முறைமன்றம் 2006இல், கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றில் விடலாகாது என்னும் நிலையை எட்டக் காலம் வரையறுத்தது. அதனை எட்டாத பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் கட்டளையிட்டது. மேட்டிலுள்ள நமக்கென்ன என்று தொண்டாமுத்தூரார் இருத்தல் ஆகாது, ஆறு ஒன்றே.

தமிழிற் சொல்ல இயலாதா? நீர், கழிவு, கூலி, முறையீடு: இவற்றுள் எதற்கு நம்மிடம் சொல்லில்லை? நொய்யலின் அணைச் செய்தியைப் பேரூர்க் கோயிற் சுவரில் தமிழில் வெட்டிய மண் இது! 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக்கு வைக்கும் அறிக்கைச் சுருக்கத்தை அவ்வட்டார மொழியிலும் தரச் சொல்கின்றது. ஆலை வருமுன் தமிழ் வேண்டும், வந்தபின் வேண்டாவாம்! அவ்வறிவிக்கைக்கு மாற்றாக 2020இல் கொணர்ந்த வரைவை நடுவணரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிடுக எனத் தில்லி உயர்முறைமன்றம் சூன் 30இல் பணித்தது. பெயர்த்துத் தருவதை விடுத்து மேல்முறையீட்டுக்கன்றோ ஓடினர்!

ஊரில் ஆங்கிலம் அறிந்தோர் இலரா என்பர் சிலர். உளர். தன் கிணற்று நீரின் செய்தியை அறிய உழவன் பிறன் வாயைப் பார்த்து நிற்க வேண்டுமோ?

நாம் கேட்பது இதுவே. தமிழ்நாட்டில் ஆலை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், ஆலைவாரியாக, எடுத்த நீரையும் விட்ட கழிவையும் தமிழில் எழுதி அவ்வூராட்சிக்குத் தருதல் வேண்டும். மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாளிற் கூடும் ஊரவையில் அது படிக்கப்படல் வேண்டும். கேள்விக்கு விடை சொல்ல நிறுவன அலுவலர் வந்து நிற்றல் வேண்டும். தமிழக அரசு இதற்குச் சட்டம் செய்க. தொண்டாமுத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூராட்சி அன்பர்கள் வரும் ஊரவையிலேயே இதனை முன்மொழிக.