உழுகிறவர் கைக்கு எட்டாத உதவித் தொகை

உழவர்களுக்கு உதவி என்று சொல்லி, மத்திய சர்க்கார் 2019ல் பி.எம். கிசான் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். இந்தச் சொற்பத் தொகையாவது உழுகிறவருக்குச் சேருகிறதா?

இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்பது விதி. ஸ்ரீரங்கத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்குப் பட்டா கிடையாது. ஆகவே பணமும் கிடையாது. காவிரிக்கரையில் நாற்று நடும் பெண்களுக்கும், வாழைத்தார் சுமக்கும் கூலியாட்களுக்கும் பட்டியலில் இடமே இல்லை.

ஆனால் 2020ல், தமிழ்நாட்டில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் போனது அம்பலமாயிற்று. தரகர்களுக்குத் திறந்த கதவு, உழைப்பாளிக்கு மட்டும் அடைப்பு!

ஒரிசாவில் 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டம் நிலமற்றவரையும் சேர்த்துக்கொண்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969லேயே வந்துவிட்டது. உழுகிறவர் பெயரைப் பதிவு செய்! அந்தப் பதிவையே அத்தாட்சியாகக் கொண்டு பணம் கொடு! விவசாயத் தொழிலாளர் குடும்பங்களையும் சேர்! இவையே நமது கோரிக்கைகள்.

ஆலைத் தோழர்களே! உங்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும் வயலில் நிற்கிறார்கள். அவர்களது கோரிக்கையை உங்கள் சங்கமும் எழுப்பட்டும்!