ஒல்லியா இருந்தா போதுமாய்யா?

மக்களே, கொஞ்சம் கடுப்புல எழுதுற பதிவு இது. பொறுத்துக்கோங்க.

போன மாசம் போடியில ஒரு மருத்துவ முகாம். எடை 62 கிலோ, உயரம் 165 செ.மீ. "பிஎம்ஐ 22.8, சூப்பரா இருக்கீங்க, அடுத்த ஆள்"னு அனுப்பிட்டாங்க. காலைல ஏலக்காய்க் கடையில உக்காந்தா ராத்திரிதான் எந்திரிக்கிற ஆளு நான். கை காலு குச்சி, வயிறு பானை. வீட்டுக்கு வந்து டெய்லர் டேப்புல இடுப்பை அளந்தா 94 செ.மீ! நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 தாண்டக் கூடாது, பொம்பளைங்களுக்கு 80. முகாம்ல ஒரு டேப்பு கூடவா இல்ல?

விடியக்காலம் ஜீப்புல தொத்திக்கிட்டு மலைக்குக் காய் எடுக்கப் போற அக்காவுக்கும் எனக்கும் பிஎம்ஐ ஒண்ணா இருக்கலாம். உள்ளே இருக்குற சரக்கு ஒண்ணா? 2004ல லான்செட் இதழ்ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே உதாரணமா காட்டினாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2!

இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீரா துடிக்கிறதில்ல. மூச்சை இழுத்தா கொஞ்சம் வேகம், விட்டா நிதானம். இந்த ஏற்ற இறக்கம் நல்லா இருந்தா, வேகஸ் நரம்புங்கிற பிரேக் ஒழுங்கா பிடிக்குதுன்னு அர்த்தம். எந்த நோயும் இல்லாதவங்களை அளந்த பல ஆய்வுகள்லயே, கொழுப்பு, குறிப்பா வயித்துக் கொழுப்பு, கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் குறையுறதா தெரியுது. பிரேக் தேஞ்ச ஜீப்பு போடி பஜார்ல நல்லாத்தான் ஓடும். போடிமெட்டு இறக்கத்துல 17 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அங்க தெரியும் சேதி.

"கொழுப்புதான் காரணம்னு நிரூபிச்சாச்சா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வயசு, தூக்கம், உடற்பயிற்சி, மனக்கவலை எல்லாமே இதுல கலந்திருக்கு. ரெண்டும் சேர்ந்து வருதுங்கிறதால ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதுக்காக ஒரு டேப்பு பிடிச்சு அளக்கக் கூடாதா என்ன?

எங்க சித்தப்பாவும் ஒல்லி. வாழ்நாள் பூரா "எனக்கென்ன, உடம்புல சதையா இருக்கு?"ன்னவர். 48 வயசுல போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டுல எல்லாரும் கேட்டது ஒண்ணுதான்: "இந்த ஒல்லி மனுஷனுக்கா ஹார்ட் அட்டாக்?" அவர் இடுப்பை யாரும் அளந்ததே இல்ல.

முகாம் நடத்துற புண்ணியவான்களே, எடை மெஷினுக்குப் பக்கத்துல ஒரு டேப்பையும் தொங்க விடுங்க. அம்புட்டுதான் கேக்குறேன்.

டிஸ்கி: கையில கட்டுன வாட்ச் காட்டுற நம்பரை வச்சு "உனக்கு 35, எனக்கு 60"ன்னு பந்தயம் கட்டாதீங்கப்பா. அது ஆளுக்கு ஆள் மாறும். நாற்காலியை விட்டு எந்திரிச்சு நடங்க. நானும் பதிவைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.