பப்பாளிப் பாலும் கோதுமைத் துணுக்கும்

முற்றின ஆட்டுக்கறி வேக மறுத்தால் எங்கள் வீட்டில் பப்பாளிக்காயில் ஒரு கீற்றை அரிந்து சட்டியில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கறி நார்நாராகப் பிரிந்துவிடும். காயைக் கீறும்போது வடிகிற பாலில் பப்பெய்ன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் தொழில். 1976-இல் மெஸ்ஸர், பாம் என்ற இருவர் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத குடலுக்கு இதே பப்பெய்னை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததைப் பற்றியது அது. கறிச்சட்டியில் நடப்பது வயிற்றுக்குள்ளும் நடக்காதா என்ற ஆசைதான். அந்த ஆசை அதற்கு முன்பும் இருந்தது, இன்னும் ஓயவில்லை.

சீலியாக் நோயை நம் பத்திரிகைகள் ‘கோதுமை அலர்ஜி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் புரதத்தின் துண்டுகளைக் கண்டதும் உடலின் காவல்படை தன் சொந்தச் சிறுகுடலின் சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும். பிறகு என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் சிகிச்சை. வீட்டில் அது முடியும். வெளியே சாப்பிடும்போது, தெரியாமல் உள்ளே போகிற துணுக்கை என்ன செய்வது? நொதி மாத்திரைக்காரர்கள் கடை விரித்திருப்பது இந்தக் கேள்வியின் வாசலில்தான்.

கேள்வியின் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும். 1887-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ ஆற்றிய உரைதான் இந்நோயைப் பற்றிய முதல் நவீன வர்ணனை. குணமாவதென்றால் அது உணவால்தான் என்று அவர் சரியாகச் சொன்னார். எந்த உணவு என்பதில் சறுக்கினார். அரிசியும் ஜவ்வரிசியும் ஆகாது, மெல்லியதாக நறுக்கி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டி ஆகும் என்றார்! சோற்றை விலக்கி விஷத்தை டோஸ்ட் போட்டுக் கொடுத்த கதை. அதே உரையில் ஒரு குழந்தை வருகிறது. தினமும் டச்சு மட்டி தின்று அது தேறியது. மட்டிக் காலம் முடிந்ததும் படுத்துவிட்டது. மறு பருவத்தில் மட்டியைக் காட்டினால் வாயைத் திறக்க மறுத்ததாம்.

1924-இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டார். ரொட்டியும் உருளைக்கிழங்கும் கிடையாது, வாழைப்பழம் உண்டு. குழந்தைகள் பிழைத்தார்கள். பழம்தான் காப்பாற்றியது என்று உலகம் நம்பியது. காப்பாற்றியது தட்டில் இல்லாத ரொட்டி. கொடுத்த பொருளுக்குப் புகழ் போவதும், விலக்கிய பொருள் கவனத்துக்கே வராமல் போவதும் இந்த நோயின் வரலாற்றில் ஒரு கெட்ட பழக்கம்.

விலக்கியதைக் கவனித்தவர் ஹாலந்தின் வில்லெம் டிக்கே. ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் நாடே பட்டினி கிடந்தபோது ரொட்டி கிடைக்கவில்லை. அவருடைய சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகவில்லை. போர் முடிந்து ரொட்டி திரும்பியது, நோயும் திரும்பியது. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வேடாகக் கொடுத்தார். வான் டெ காமர் என்ற வேதியியலாளர் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளக்க ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். கோதுமை கொடுத்தால் அளவு ஏறும், நிறுத்தினால் இறங்கும். அனுமானத்துக்கு எண் கிடைத்தது. 1952-இல் பர்மிங்காம் குழு குற்றவாளி குளூட்டன்தான் என்று காட்டியது.

அங்கிருந்து நொதிக்கதை தொடங்குகிறது, ஒரு தப்பான காரணத்தோடு. பர்மிங்காமின் ஃப்ரேசர் குழு குளூட்டனைச் சாதாரணச் செரிமான நொதிகளால் செரித்துப் பார்த்தது, நஞ்சு போகவில்லை. பன்றிக் குடல் சவ்வின் சாற்றோடு ஊறவைத்தபோது போயிற்று. 1959-இல் இது அச்சேறியது. ஆக, நோயாளியின் குடலில் ஏதோ ஒரு நொதி பிறவியிலேயே இல்லை, அதை வெளியிலிருந்து ஊட்டினால் போதும் என்று பலர் முடிவுகட்டினார்கள். பப்பெய்ன் முயற்சியும் இந்த நம்பிக்கையின் பிள்ளைதான். நம்பிக்கை நிலைக்கவில்லை. குளூட்டனை நிறுத்திக் குடல் ஆறியதும் காணாமல் போனதாக நினைத்த நொதிகளெல்லாம் தாமாகத் திரும்பி வந்தன. குறை நொதியில் இல்லை, காவல்படையில் இருந்தது.

2002-இல் வேறு திசையிலிருந்து கதவு திறந்தது. ஸ்டான்ஃபோர்டில் சைதன் கோஸ்லாவின் குழு, குளூட்டனில் 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டை எந்தச் செரிமான நொதியாலும் வெட்ட முடிவதில்லை என்று கண்டது. புரோலின் நிறைந்த முடிச்சு அது. நம் பாக்குவெட்டிக்குப் பிடிகொடுக்காத கொட்டைப்பாக்கு. உங்கள் வயிற்றிலும் என் வயிற்றிலும் அது வெட்டுப்படாமல்தான் போகிறது. நமக்குத் தொல்லை இல்லை, சீலியாக்காரருக்கு உண்டு. ஒரு பாக்டீரியாவின் நொதி அந்த முடிச்சை அறுத்தது. தப்பான காரணம் சொல்லிக் கைவிடப்பட்ட வேலையைச் சரியான காரணத்தோடு மறுபடி எடுத்தார்கள்.

இனிக் கணக்கு. ஒரு சப்பாத்தியில் சுமார் இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். 2007-இல் இத்தாலியில் கட்டாசி குழு நடத்திய சோதனையில், தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே குடல் கெட்டது. அது சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்கு. நொதி 90 சதவீதம் அறுத்தாலும் முழுச் சப்பாத்தியில் 250 மில்லிகிராம் மிஞ்சுகிறது. அதே நொதி 50 மில்லிகிராம் துணுக்கைச் சந்தித்தால் மிஞ்சுவது வெறும் 5. மாத்திரையை நம்பிப் பரோட்டா தின்ன முடியாது. துணுக்குக்கு ஒருவேளை உதவும். லாட்டிகுளூட்டனேஸ் என்ற இரட்டை நொதி மருந்தைத் தினம் 2 கிராம் குளூட்டனோடு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சேதம் குறைந்தது, நிற்கவில்லை. அதையே 494 நோயாளிகளிடம் சோதித்தபோது வேடிக்கையான முடிவு வந்தது. வெறும் மாத்திரை விழுங்கியவர்களும் மருந்து விழுங்கியவர்களும் ஒரே அளவில் தேறினார்கள். யாரோ தம்மைக் கவனிக்கிறார்கள் என்றதும் எல்லோரும் பத்தியத்தைக் கூடுதல் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எந்த மருமகளுக்கும் இது தெரிந்த விஷயம்.

கடையில் விற்கும் மாத்திரைகள் வேறு ரகம். அவை ஊட்டச்சத்துப் பொருள் என்ற பெயரில் வருகின்றன; சீலியாக்குக்கான மருந்து என்று அங்கீகாரம் பெற்றவை அல்ல. 2015-இல் ஐந்து வகைகளைச் சோதித்தபோது எதுவும் அபாயத் துண்டுகளை உருப்படியாக வெட்டவில்லை; ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் நொதிதான் வெட்டியது. ஆஸ்திரேலியாவில் கேரிகெய்ன் என்ற நொதி மாத்திரையாக விற்கிறது. எதிலிருந்து எடுக்கிறார்கள்? நம் பப்பாளியிலிருந்துதான்.

வேலை செய்கிற நொதியிலும் எனக்குள்ள சண்டை நேரத்தைப் பற்றியது. உணவு இரைப்பையை விட்டு இறங்குவதற்குள், அந்த அமிலத்திலேயே அது வெட்டி முடிக்க வேண்டும். ஆகவே முதல் கவளத்தோடு விழுங்கினால்தான் பயன். தெரியாமல் தின்றவருக்கோ ஓரிரு மணி நேரம் கழித்து வயிறு பிசைந்து வாந்தி வரும்போதுதான் தெரியும். அதற்குள் துண்டுகள் சிறுகுடலுக்கு இறங்கியிருக்கும். ‘தவறிச் சாப்பிட்டுவிட்டீர்களா? உடனே இதைப் போடுங்கள்’ என்ற விளம்பரம் வெள்ளம் வடிந்தபின் அணை கட்டச் சொல்கிறது. அப்படியானால் வெளியே சாப்பிடும் ஒவ்வொரு வேளையும், தவறு நடக்கும் என்று எண்ணிக்கொண்டே முன்கூட்டி விழுங்க வேண்டும். சிலர் அப்படிச் செய்கிறார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். பத்தியம் குலையாதவரை அது ஒரு ஹெல்மெட்.

இது நமக்குத் தூரத்து விவகாரம் என்று நினைக்க ஓரளவு நியாயம் உண்டு. 2016-இல் வெளியான இந்திய ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேர், வேலூர்ப் பகுதி இடம்பெற்ற தென்னிந்தியாவில் 0.10 பேர் என்று கணக்கு வந்தது. நோய்க்கு இடம் தரும் மரபணு இங்கும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது. நம்மைக் காத்தது சோறு. இப்போது இரவானால் சப்பாத்தி, தெருமுனையில் பரோட்டா.

ஆனால் துணுக்கு இட்லித் தட்டுக்கும் வரும். பெருங்காய டப்பாவின் பின்புறம் படித்துப் பாருங்கள்: பலவற்றில் மைதா இருக்கும். போன வாரம் ஓர் ஓட்டலில் சீலியாக் உள்ள நண்பரோடு உட்கார்ந்திருந்தேன். “சாதா தோசைதான் சார், மைதா சேர்க்கறதே இல்ல” என்றார் சர்வர், உண்மையாகவே. அடுப்படி எங்களுக்குத் தெரிந்தது. மாஸ்டர் ரவா தோசையை எடுத்துவிட்டுக் கல்லில் தண்ணீர் தெளித்தார், தென்னந்துடைப்பத்தால் ஒரு வீச்சு வீசினார், எங்கள் மாவை ஊற்றினார். நண்பர் சட்டைப்பையிலிருந்த நொதி மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சர்வரைக் கூப்பிட்டு, இட்லி இருக்கிறதா என்று கேட்டார். சாம்பார் வேண்டாம் என்றும் சொன்னார்.