வாஷிங் மெஷினும் தர்மபுரித் தண்ணீரும்

வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் எத்தனை கேள்வி கேட்கிறார்கள்! எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார், எத்தனை வருஷ வாரண்டி, மாதத் தவணை எவ்வளவு... ஒன்றை மட்டும் கேட்பதில்லை. "எங்க வீட்டுத் தண்ணிக்கு இது தாங்குமா?" தர்மபுரி மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இங்கே தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு பேச்சுதான். பல்லையும் எலும்பையும் அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008ல் அடிக்கல் நாட்டி, 2013ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் அது குடிக்க. துணி துவைக்கப் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரில் மெஷினைக் கெடுப்பது ஃப்ளோரைடு இல்லை, கால்சியமும் மெக்னீசியமும். ஊரில் 'உப்புத் தண்ணி' என்பார்கள், பள்ளிப் புத்தகம் 'கடின நீர்' என்கிறது. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி (2012) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை. அது மனிதன் குடிப்பதற்கான அளவு, மெஷினுக்குச் சொன்னது அல்ல!

இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரில் பாறை மாதிரி படியும். ஹீட்டர் இல்லாத மெஷினும் தப்பாது. நுரை வராததால் பவுடரை அள்ளிப் போடுவோம். கரையாத பவுடரும் துணிப் பஞ்சும் சேர்ந்து டிரம்முக்குப் பின்னால் அழுக்காக ஒட்டும். துவைத்த துணியிலேயே நாற்றம் வரும்.

காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. இத்தனை வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டு விலையை வகுப்பார்கள். தர்மபுரியில் அந்த வருஷக் கணக்கைத் தண்ணீர்தான் எழுதுகிறது. அதைத் திருத்த மாதம் ஒரு மணி நேரம் போதும்.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவ வேண்டும். பஞ்சு ஃபில்டர், பவுடர் போடும் டிரே, கதவு ரப்பரின் மடிப்பு ஆகியவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு துணி போடாமல், டீஸ்கேலிங் பவுடரோடு ஒருமுறை ஓட விட வேண்டும். கம்பெனி கையேடு வேண்டாம் என்று சொல்லாவிட்டால் எலுமிச்சை உப்பும் போடலாம். அதோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். துவைத்து முடித்ததும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் ஈரம் காயும்.

"கெட்டுப் போனா மெக்கானிக் வருவாரு" என்பார்கள். வருவார், பணமும் வாங்குவார். ஆனால் அவர் வரும் வரை துணி சும்மா கிடக்காது. வீட்டில் ஒரு பெண் துவைக்கிற கல்லுக்குத் திரும்பிப் போவாள். அந்த உழைப்புக்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது. மெக்கானிக் பில் மட்டும்தான் செலவாகத் தெரியும்.

அம்மாவின் முதுகுவலி குறையட்டும் என்றுதானே தவணையில் மெஷின் வாங்கினோம்? அப்புறம் அதைக் கழுவுகிற வேலையையும் அவர் தலையிலேயே கட்டினால் எப்படி? மெஷினில் சட்டையைத் திணித்துவிட்டு டிவி முன்னால் உட்காரும் பையன்கள் ஃபில்டரைக் கழற்றக் கற்றுக்கொள்ளலாம். ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிங்க மக்களே! உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், அடுத்த மாதம் யாரும் சொல்லாமலே செய்வீர்கள்.